சத்தம் எதுவும் இல்லை

பெர்னடெட் கோலார் எங்கள் கடைக்கு வந்தது பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. எங்கள் டுலூத் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பிள்ளைகளைக் காலையில் இறக்கிவிட்டு, மதியம் மறுபடி ஏற்றுவதற்குள் கிடைக்கும் இடைவெளியில் வந்திருந்தார். கம்பளி சுற்றிய ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். அன்றைக்கு வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. அவருடைய இமை மயிரில் பனி ஒட்டியிருந்தது.

“என்ன பிரச்சினை?” என்று கேட்டேன்.

“இது சத்தம் போடுதா இல்லையான்னு பாத்துச் சொல்லணும்.”

“என்ன மாதிரிச் சத்தம்?”

“தெரியாது. எனக்குக் கேக்கலை.”

பின்னால் ஒரு லேப்டாப்பைப் பிரித்துக்கொண்டிருந்த ரெய்னோ தலையைத் தூக்கினான். கடையில் நாங்கள் இருவர்தான், ஆளுக்குப் பாதி. “கேக்காத சத்தத்தைப் பாக்கச் சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கீங்க. பக்கத்துல நின்னு நான் கத்துறதே லைலுக்குக் கேக்காது” என்றான்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த தாளொன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். எங்கள் கடைத் தாள். போன வருஷம் மார்ச் மாதத் தேதி. எழுத்து என்னுடையது. ‘பரிசோதித்தேன். நன்றாக இயங்குகிறது. சத்தம் எதுவும் இல்லை. லைல் பெர்க்ஸ்டாட்.’

அந்தப் பெட்டி எனக்கு நினைவில்லை. ஒரு வருஷத்தில் எத்தனையோ பெட்டிகள். சத்தம் என்று வருபவற்றில் பாதி மின்விசிறித் தூசி, மீதிப் பாதி ஒன்றுமில்லை. பத்து நிமிஷம் ஓடவிட்டுக் காதை வைத்துப் பார்த்திருப்பேன். அப்படித்தான் பார்ப்பது.

“என் பையன் டோபின் கொண்டுவந்தான். உசரமா, செம்பட்டை முடி. அவனுக்குக் கேட்டுது. ஊசியை வெச்சுக் காதுக்குள்ள அழுத்துற மாதிரி இருக்குன்னான். எனக்கு ஒண்ணும் கேக்கலை. அவன் காதை டாக்டர்கிட்ட காமிச்சோம், நல்லா இருக்குன்னாங்க. நீங்க இதை எழுதிக் கொடுத்தீங்க.”

அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். யாரோ கொடுத்த அறிக்கையைப் படிக்கிறவர்போல, குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

“என் அண்ணன் ஒருத்தன் இருந்தான். அவனுக்குக் குரல் கேக்கும். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியும் வீடுமா இருந்து செத்தான். அதனால எனக்குப் பயம். டோபினை மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். இந்தத் தாளையும் கொண்டுபோய்க் காமிச்சேன். மாத்திரை ஆரம்பிச்சாங்க. ஒரு மாசத்துல சத்தம் நின்னுபோச்சு.”

“நின்னுபோச்சா?”

“மாத்திரை சாப்பிட்டா தூக்கமா வரும். விளையாடுறதை விட்டுட்டான். இந்தப் பெட்டியை அப்புறம் யாரும் போடவே இல்லை. அதை அப்ப யோசிக்கலை. மாத்திரை வேலை செய்யுதுன்னு நினைச்சோம். அவனும் அப்படித்தான் நினைச்சான்.”

ரெய்னோ திருப்புளியைக் கீழே வைத்துவிட்டான்.

டோபின் கல்லூரியை விட்டுவிட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் சுப்பீரியர் ஊரில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, மளிகைக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போய்விட்டானாம். காலியான அவனுடைய அறைக்குப் போன மாதம் நர்சிங் படிக்கும் பெண்ணொருத்தி வாடகைக்கு வந்திருக்கிறாள். அங்கேயே கிடந்த பெட்டியைத் தான் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாள். போட்டுக்கொள் என்று இவர் சொல்லியிருக்கிறார். கால் மணி நேரத்தில் அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து, “பெர்னி, அந்தப் பெட்டி கிறீச்சுனு கத்துது, காது வலிக்குது. நீங்க எப்படித் தாங்குறீங்க?” என்றிருக்கிறாள்.

“நான் அடுப்பாங்கரையில முட்டை பொரிச்சுக்கிட்டிருந்தேன். தட்டுல எடுத்து வெச்சு முழுசாச் சாப்பிட்டேன். அப்புறம்தான் அவ என்ன சொன்னான்னு உறைச்சுது” என்றார்.

எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. வெட்கப்பட வேண்டும், பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் பல் பிடுங்கும்போது மருந்து போட்ட தாடைபோல, அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. “வெச்சுட்டுப் போங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்” என்றேன்.

அவர் கம்பளியை மடித்து எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் போனார்.

பெட்டியை மேசையில் ஏற்றி மூடியைக் கழற்றினேன். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு, நடுத்தரமான பவர் சப்ளை, நல்ல விசிறிகள். தூசிகூட அதிகமில்லை. பையன் சுத்தமாக வைத்திருந்திருக்கிறான். மின்சாரம் கொடுத்தேன். சும்மா ஓடும்போது காற்றுச் சத்தம் மட்டும்தான். டோபினின் விளையாட்டு ஒன்றைத் திறந்து முகப்புப் படத்திலேயே நிறுத்தினேன். பார்வைக்கு அங்கே வேலையே இல்லை, ஒரே படம்தான். ஆனால் வேகத்துக்கு வரம்பு வைக்காவிட்டால் கார்டு அந்த ஒரே படத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வரைந்து தள்ளும். சத்தம் வருவதென்றால் அங்கேதான் வரும். ஒரு வருஷத்துக்கு முன்னால் நான் அதைச் செய்திருக்க மாட்டேன். செய்தேனா என்று நினைவும் இல்லை.

காதை வைத்தேன். எதுவும் கேட்கவில்லை.

“ரெய்னோ, இங்க வா. உனக்குக் கேக்குதா?”

அவன் குனிந்து கேட்டான். “இல்லை. ஆனா எனக்கு அம்பத்தாறு. உனக்கு அம்பத்திரண்டு, அதுல பதினோரு வருஷம் இரும்புத்தாது ஆலையில மோட்டார் பாத்திருக்க. யோவ், நம்ம ரெண்டு பேர் காதையும் சேத்தாலும் ஒரு காது தேறாது.”

அது வேடிக்கைக்குச் சொன்னதுதான்.

எங்கள் தேவாலயத்தில் பாட்டுக் குழுவைப் பதிவு செய்வதற்காக நான் ஒரு நல்ல மைக் வைத்திருக்கிறேன். மறுநாள் அதைக் கொண்டுவந்தேன். ஒலியில் எந்தெந்தச் சுருதி எவ்வளவு இருக்கிறது என்று கோடாக வரைந்து காட்டும் நிரலைத் திரையில் திறந்து, மைக்கைப் பெட்டிக்கு ஒரு அடி தள்ளி நிறுத்தினேன். விளையாட்டு மூடியிருந்தபோது கோடு தாழ்வாகக் கரடுமுரடாக ஓடியது. அது விசிறிக்காற்று. விளையாட்டைத் திறந்தேன். வலது ஓரத்தில், பதினாலாயிரம் ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே, கம்பம் நட்டதுபோல ஒரு கோடு எழுந்து நின்றது. மூடினேன். விழுந்தது. திறந்தேன். நின்றது.

கடைக்குள் எனக்கு அமைதியாகத்தான் இருந்தது. தெருவில் பனி தள்ளும் வண்டி போனது கேட்டது. திரையில் அந்தக் கம்பம் மட்டும் நின்றது.

“அடக் கடவுளே” என்றான் ரெய்னோ, மெதுவாக.

அப்புறம் செய்ததெல்லாம் முறையான வேலை. கை அதன் பாட்டுக்குச் செய்தது. முதலில் விசிறிகளை ஒவ்வொன்றாக விரலால் நிறுத்திப் பார்த்தேன். கம்பம் அசையவில்லை. சமையலறைத் துடைதாள் சுற்றிவரும் அட்டைக் குழாயை மைக்கின் முனையில் செருகி, பெட்டிக்குள் இடம் இடமாக நீட்டினேன். பவர் சப்ளைக்குப் பக்கத்தில் கோடு உயர்ந்தது. இதுதான் என்று நினைத்து அதைக் கழற்றி, கடையில் நம்பகமாக வைத்திருக்கும் வேறொன்றைப் பொருத்தினேன். கம்பம் அப்படியே இருந்தது. அடித்தட்டில் மோதித் திரும்பிய ஒலி என்னை ஏமாற்றியிருக்கிறது. பழையதையே மாட்டிவிட்டுக் கார்டைக் கழற்றி வேறு கார்டு போட்டேன். கம்பம் இல்லை. டோபினின் கார்டையே மறுபடி போட்டேன். வந்தது. படத்தை நொடிக்கு அறுபது தடவைக்குமேல் வரையாதே என்று வரம்பு வைத்தேன். கம்பம் பாதியாகக் குறைந்து, பிறகு விசிறிக்காற்றின் கோட்டுக்குள் மறைந்தது.

கார்டின் மேல் சர்க்கரைக் கட்டிபோலச் சாம்பல்நிறச் சதுரங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கம்பிச் சுருள். மின்சாரம் ஏறி இறங்கும் வேகத்தில் அந்தக் கம்பி நடுங்கும். பசை சரியாகப் பிடித்திருந்தால் நடுக்கம் வெளியே தெரியாது. பிடிக்காவிட்டால் பாடும். கார்டுக்கு அதனால் கேடு இல்லை. கம்பெனிக்காரர்கள் அதைப் பழுது என்று ஒத்துக்கொள்வதும் அபூர்வம். வயதானவர்களுக்கும், என்னைப் போல ஆலையில் காதைத் தொலைத்தவர்களுக்கும் அந்தச் சுருதி கேட்காது. இருபத்திரண்டு வயதுக்காரனுக்குக் கேட்கும்.

வெள்ளிக்கிழமை பெர்னடெட் வந்தார். திரையைக் காட்டி, திறந்து மூடிக் காட்டினேன். அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கோடு எழுவதையும் விழுவதையும் ஏழெட்டுத் தடவை பார்த்தார்.

“அப்ப இருந்துச்சு.”

“இருந்துச்சு. இப்பவும் இருக்கு. போன வருஷமே நான் மைக் வெச்சுப் பாத்திருக்கணும். பாக்கலை. எனக்குக் கேக்கலைங்கிறதை, சத்தம் இல்லைன்னு எழுதிட்டேன்.”

“நானும் அதைத்தான் செஞ்சேன்” என்றார். பிறகு, “எழுதிக் கொடுங்க” என்றார்.

எழுதினேன். தேதி, என்ன செய்து பார்த்தேன், எந்தச் சுருதி, எந்தப் பாகம், முன்பு எழுதியது தவறு என்பது, எல்லாம். வாங்கி மடித்து, பழைய தாளோடு சேர்த்து வைத்தார்.

“சனிக்கிழமை டோபினை இங்க வரச் சொல்றேன். நீங்களே சொல்லுங்க.”

“நீங்க சொல்றதுதானே நல்லது?”

“போன தடவை அவன் என்னை நம்பலை, லைல். டாக்டரையும் நம்பலை. மூணு நாள் எங்களோட சண்டை போட்டான். உங்க தாளைப் படிச்சதும்தான் நம்பினான். மெஷின் தெரிஞ்ச ஆளே சொல்லிட்டார், அப்ப எனக்குத்தான் என்னமோ ஆயிருக்குன்னு சொல்லிட்டு, தானே கார்ல ஏறி உக்காந்தான்.”

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பீன்ஸ் டப்பா ஒன்றைத் திறந்து சூடாக்கி, நின்றபடியே சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. உப்புப் போட்டேன், அப்போதும் தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு டோபின் அம்மாவோடு வந்தான். கிடங்கில் போடும் ஆரஞ்சுச் சட்டையின்மேல் கோட்டு. உயரம்தான், ஆனால் முகமும் கழுத்தும் ஊதியிருந்தன. நடை தண்ணீருக்குள் நடப்பவனுடையது. அம்மா கொண்டுவந்த வால்நட் ரொட்டியில் ஒரு துண்டை அவர் நீட்டியதும் வாங்கிக்கொண்டான். கையிலேயே வைத்திருந்தான்.

“நான் இப்ப இதைப் போடப் போறேன். என்ன கேக்குதுன்னு சொல்லு” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

திறந்தேன். திரையை அவனுக்குத் தெரியாதபடி திருப்பி வைத்திருந்தேன். அவன் தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. தாடை இறுகியது. அவ்வளவுதான்.

“கேக்குதா?”

“கேக்குது.”

மூடினேன். “இப்ப?”

“இல்லை.”

திரும்பத் திறந்தேன். கேட்காமலே, “இருக்கு” என்றான். ஆறு தடவை செய்தோம். ஆறு தடவையும் அவன் சரியாகச் சொன்னான். பிறகு திரையைத் திருப்பிக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கினேன். முன்பு நான் எழுதியது தப்பு, என்னை மன்னித்துவிடு என்றும் சொன்னேன்.

“உங்களுக்கு வயசாயிடுச்சு. கேட்டிருக்காது” என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னான்.

“டோபின், ஏதாவது சொல்லு” என்றார் பெர்னடெட்.

“என்ன சொல்லணும்?”

“திட்டு. கத்து. என்ன வேணா சொல்லு.”

“எதுக்கு?”

“எதுக்கா? ஒரு வருஷம்டா! படிப்பை விட்ட. நீ பழகிக்கிட்டிருந்த பொண்ணு உன்னை விட்டுட்டுப் போனா. எல்லாத்துக்கும் நான்தானே காரணம்?”

அவன் கையிலிருந்த ரொட்டியை ஒரு கடி கடித்து, மென்று, விழுங்கினான். “கோவப்படணும்னு தெரியுதும்மா. தேடிப் பாக்குறேன். வரலை. மாத்திரையில அப்படித்தான். அழுகையும் வராது.”

பின்னால் ரெய்னோ கருவி எதையோ தேடுவதுபோல முதுகைத் திருப்பிக்கொண்டான்.

“அப்ப நிறுத்திடு. இன்னைக்கே நிறுத்திடு. உனக்கு ஒண்ணும் இல்லைன்னு இவரே எழுதிக் கொடுத்திருக்கார்!”

“நான் அப்படி எழுதலை, பெர்னடெட்” என்றேன். “கார்டு சத்தம் போடுதுன்னுதான் எழுதினேன்.”

டோபின் என்னைப் பார்த்தான். அன்றைக்கு முதல்முறையாக, என்னை நேராகப் பார்த்தான்.

“அவர் சொல்றது சரி. அம்மா, சத்தம் இருந்துச்சு. சரி. ஆனா அதை எதிர்வீட்டு லுண்ட் குடும்பம் எனக்கு அனுப்புதுன்னு நான் நினைச்சேனே, ஞாபகம் இருக்கா? அவங்க வீட்டு ஜன்னல்ல விளக்கு எரியுறதை எண்ணி எண்ணி நோட்டுல எழுதினேனே. அது இந்தப் பெட்டிக்குள்ள இல்லை.”

பெர்னடெட் ரொட்டிப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“சத்தத்தாலதான் அதெல்லாம் வந்துச்சோ என்னமோ. யாருமே நம்பாட்டா ஆளு அப்படித்தான் யோசிப்பானோ என்னமோ. இல்லை, அது தனியா வந்துச்சோ. எனக்குத் தெரியாது.” அம்மா கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்த இரண்டு தாள்களையும் அவன் ஒன்றின்மேல் ஒன்றாக நேர்செய்தான். “புதன்கிழமை டாக்டர்கிட்ட போகணும். இதை ரெண்டையும் எடுத்துட்டு வா. அவங்க பாக்கட்டும்.”

“நான் வரலாமா?”

“நீதானே ஓட்டணும். இந்த மாத்திரையோட பனியில பாலம் தாண்டி ஓட்ட எனக்குப் பயம்.”

அதோடு அவர்கள் கிளம்பினார்கள். வாசல்வரை போனேன். கடைக்கு முன்னால் நடைபாதை பளிங்காக உறைந்திருந்தது. டோபின் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக் காரில் ஏற்றினான். கதவைச் சாத்திவிட்டு, மறுபக்கம் போகாமல் சற்று நின்றான். ஏதோ மறந்துவிட்டவன்போல. பிறகு போய் ஏறிக்கொண்டான்.

புதன்கிழமை நடந்ததைப் பெர்னடெட் பிறகு தொலைபேசியில் சொன்னார். டாக்டர் இரண்டு தாளையும் படித்திருக்கிறார். இது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டியது, வருத்தப்படுகிறேன் என்றாராம். ஆனால் ஒரேயடியாக நிறுத்த முடியாது, சிறுகச் சிறுகக் குறைப்போம், கூடவே இருந்து கவனிப்போம், பழைய எண்ணங்கள் திரும்புகின்றனவா என்று பார்ப்போம் என்றாராம். மார்ச்சில் கால் பங்கு குறைத்தார்கள். ஏப்ரலில் இன்னொரு கால்.

அந்தப் பெட்டி தனக்கு வேண்டாமென்று டோபின் சொல்லிவிட்டான். நான் சத்தமில்லாத கார்டு ஒன்றைப் போட்டு, மைக் வைத்துப் பார்த்து, நர்சிங் பெண்ணுக்கென்று கொடுத்தனுப்பினேன். இப்போது சத்தம் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் மைக்தான். ‘இல்லை’ என்று நாங்கள் எழுதுவதில்லை. எதை வைத்துப் பார்த்தோம், எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று எழுதுகிறோம். என் காதையும் பரிசோதித்துக்கொண்டேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கடைசியில் நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. சோதனை முடிந்துவிட்டதென்று நினைத்து எழுந்தேன். “உக்காருங்க, இன்னும் ஓடிக்கிட்டிருக்கு” என்றாள் சோதனை செய்த பெண்.

ஜூன் முதல் வாரம், கடைசிப் பள்ளி நாளன்று, பெர்னடெட் கூப்பிட்டார். பின்னால் பேருந்து இன்ஜினும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன.

“லைல், டோபின் என்கிட்ட கத்தினான்.”

“எதுக்கு?”

“அவன் சைக்கிளை நான் மழையில விட்டுட்டேனாம், செயின் துருப்பிடிச்சுப் போச்சாம். பத்து நிமிஷம் விடாமக் கத்தினான். கெட்ட வார்த்தைகூடச் சொன்னான். போனைக் காதைவிட்டுத் தள்ளிப் பிடிச்சிருந்தேன்னா பாத்துக்கோங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லலை. கேட்டுக்கிட்டே இருந்தேன்.” அவர் மூச்சை இழுத்து விட்டார். “லுண்ட் வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. சைக்கிள் மட்டும்தான். நானும் கவனிச்சுக்கிட்டேதான் இருந்தேன்.”

யாரோ ஒரு பிள்ளை அவரைக் கூப்பிட்டது. “வெச்சுடறேன், இவங்களை இறக்கணும்” என்று சொல்லித் துண்டித்தார்.

நான் போனை மேசைமேல் வைத்தேன். ரெய்னோ பின்னாலிருந்து என்னமோ கேட்டான். என்ன என்று எனக்குக் கேட்கவில்லை. எழுந்து அவன் பக்கத்தில் போய், திரும்பச் சொல்லச் சொன்னேன்.